ஃபேன் மாட்டியது யார்?

ஆபீஸில் ஒரு தப்பு நடந்துவிடுகிறது. மேனேஜர் முதலில் என்ன கேட்பார்?

'எப்படி நடந்தது?' என்று கேட்பார் என்றால், நீங்கள் கொடுத்துவைத்தவர். அந்த மேனேஜரை விட்டுவிடாதீர்கள். எனக்கு வாய்த்தவர்கள் எல்லாம் 'யாருய்யா பண்ணது?' என்றுதான் கேட்டார்கள். எனக்குக் கீழே நாலு பேர் வந்த பிறகு நானும் அதையேதான் கேட்டேன். வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பால் பொங்கி வழிந்தால், அடுப்பை அணைப்பதற்கு முன்னால் 'யார் பார்த்துட்டு இருந்தது?' என்றுதான் குரல் வரும்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை, நாமக்கல்லில் ஒரு லாரி எலக்ட்ரீஷியன் கடையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன்.

நாமக்கல் என்றதும் உங்களுக்கு முட்டையும் ஆஞ்சநேயரும் ஞாபகம் வரலாம். லாரிக்காரர்களைக் கேட்டால் பாடி கட்டும் பட்டறைகளைத்தான் சொல்வார்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டி, இங்கே பாடி கட்டி, பெயின்ட் அடித்து, முகப்பில் குலதெய்வத்தின் பெயர் எழுதி, முழு லாரியாக வெளியே போகும். அந்தத் தொழிலைப் பற்றி எழுதப் போயிருந்தேன். பேட்டி தருவதாகச் சொன்னவர் போனில், 'மத்தியானத்துக்கு மேல வர்றேனுங்க' என்று சொல்லிவிட்டார். அதுவரை ஒதுங்கக் கிடைத்த நிழல்தான் அந்தக் கடை.

தகரக் கூரை. பிரித்துப்போட்ட செல்ஃப் மோட்டார்கள். சுருள் சுருளாக ஒயர். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பத்தாவதில் கணக்கில் போய்விட்டதாம். கையில் ஒரு டெஸ்ட் லாம்ப் இருந்தது. ஒரு பல்பு, இரண்டு ஒயர், ஒரு முனையில் கிளிப், இன்னொரு முனையில் ஊசி... அவ்வளவுதான். மேல்பாக்கெட்டில் மல்டிமீட்டரும் உண்டு. ஆனால், முதலில் நீளுவது பல்புதான்.

முதலில் வந்த வண்டிக்கு வேடிக்கையான வியாதி. பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் மினுக்குகிறது! டிரைவர் இண்டிகேட்டர் சுவிட்சை மாற்றிப் பார்த்துவிட்டார். ஃபிளாஷரையும் மாற்றியாயிற்று. அப்படியும் தீரவில்லை. நம்மவர் டேஷ்போர்டு பக்கமே போகவில்லை. நேராக வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். விளக்குப் பெட்டியிலிருந்து வரும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று பச்சை பெயின்ட். பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முறுக்கினார். வியாதி போயே போச்சு.

'என்ன சார் மந்திரம்?' என்று கேட்டேன். மந்திரம் ஒன்றுமில்லை. பேட்டரியிலிருந்து ஒயர் வழியாக விளக்குக்குப் போன கரண்ட், சேசிஸ் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பிவரவேண்டும். பாடி கட்டியவர்கள் போல்ட் போடும் இடத்தையும் சேர்த்து பெயின்ட் அடித்துவிட்டார்கள். திரும்பும் வழி அடைத்துக்கொண்டது. அதே எர்த்தில்தான் இண்டிகேட்டர் பல்பும் இருக்கிறது. பிரேக் விளக்குக்கு வந்த கரண்ட் அந்த பல்புக்குள் தலைகீழாகப் புகுந்து, அதன் ஒயர் வழியே வேறு பக்கம் எர்த்தைத் தேடிப் போகிறது. போகிற போக்கில் அது எரிகிறது. அதாவது, மினுக்குகிற இண்டிகேட்டர் ஒரு பாவமும் அறியாது. பக்கத்து வீட்டுப் பிரச்னை அதன் வாசல் வழியாகப் போகிறது.

'எரியற எடத்துல கோளாறு இருக்கும்னு நெனைக்கறதுதானுங்க மொதக் கோளாறு' என்றார்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். உள்ளே பாதி அறுந்து, ஓரிரு இழையில் தொங்கும் ஒயரைச் சும்மா மீட்டரில் பார்த்தால், முழு 24 வோல்ட் காட்டும். மெக்கானிக் 'ஒயர் நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுவார். அதிலேயே ஒரு பெரிய பல்பை எரியவிட்டுப் பார்த்தால் வோல்ட்டேஜ் சரேலென்று விழும். அதனால்தான் அவர் கையில் மீட்டருக்கு முன்னால் டெஸ்ட் லாம்ப். 'சும்மா இருக்கறப்ப எல்லாமே 24 வோல்ட்டுதானுங்க. வேலை குடுத்தாத்தான் தெரியும்' என்றார். நான் என் ஆபீஸை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

'புது வண்டிகள்ல கம்ப்யூட்டரே கோளாறைச் சொல்லிடுமாமே?' என்றேன். பி.எஸ். 4, அதற்கப்புறம் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்கள் ஏராளம். ஸ்கேனரை மாட்டினால் கோடு நம்பர் வரும். சிரித்தார். அந்த நம்பர், எந்த சிக்னல் கெட்டிருக்கிறது, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதைத்தான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. நாலைந்து சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் லைன் போகும். அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், லைனே படுத்துவிடும். உடனே மற்ற எல்லா சென்சார்களும் 'எனக்குக் கோளாறு, எனக்குக் கோளாறு' என்று கத்தும். அவசரக்காரர் கத்துகிறதை எல்லாம் வரிசையாக மாற்றுவார். பில் ஏறும். ஷார்ட் ஆனது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பன்னிரண்டு சக்கர லாரி வந்தது. பின்னாலேயே பைக்கில் அதன் ஓனர். பெரிய முதலாளி என்று கற்பனை செய்யாதீர்கள். இரண்டே வண்டி. இரண்டுக்கும் டியூ ஓடிக்கொண்டிருக்கிறது. இறங்கும்போதே கத்திக்கொண்டுதான் இறங்கினார்.

'போன வருஷம்தானுங்க ரெண்டு பேட்டரியும் புதுசு போட்டேன். மறுக்கா செத்துப்போச்சு. செல்ஃப் எடுக்கறதே இல்ல. ராத்திரி பூரா பாட்டைப் போட்டுட்டு, லைட்டை எரியவுட்டுத் தூங்கறான். இந்தவாட்டி பேட்டரிக் காசை இவன் சம்பளத்துலதான் புடிக்கப்போறேன்.'

டிரைவர் முப்பத்தைந்து வயது ஆள். டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. இதற்கு முன்னால் மூன்று பேர் பார்த்துவிட்டார்களாம். ஒருவர் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துச் சேர்த்தார். ஒருவர் டைனமோவில் ரெகுலேட்டரை மாற்றினார். மூன்றாமவர் 'பேட்டரி கம்பெனி சரியில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நம்மவர் பேட்டரிப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தார். மொத்தம் 24.5. பார்த்தால் கெட்டுப்போனதாகத் தெரியாது. அப்புறம் தனித்தனியாக வைத்தார். ஒன்று 12.8. இன்னொன்று 11.7. அதாவது, ஒன்று வயிறு நிறைய இருக்கிறது, இன்னொன்று ஏறக்குறையப் பட்டினி. கூட்டிப் பார்த்தால் தெரியாது. (சராசரி வருமானக் கணக்குகளை நம்புகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.)

லாரிக்கு 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாகக் கோத்திருப்பார்கள். கோத்திருந்த அந்த நடு இணைப்பிலிருந்து மெல்லிசாக ஒரு சிவப்பு ஒயர் தனியாகக் கிளம்பிப் போயிருந்தது. கம்பெனி ஒயர் அல்ல. விரலால் தடவிக்கொண்டே அதன் பின்னால் போனார். சேசிஸ் ஓரமாக ஓடி, கிளட்ச் பக்கத்து ஓட்டை வழியாகக் கேபினுக்குள் ஏறி, டிரைவர் சீட்டுக்கு மேலே முடிந்தது. அங்கே ஒரு சின்ன ஃபேன். 12 வோல்ட் ஃபேன்.

புரிகிறதா? ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள். ராத்திரியில் ஒன்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போய்த் தனியாக வேலை வாங்குகிறோம். காலையில் இரண்டுக்கும் ஒரே அளவு தீனி வைக்கிறோம். ஒன்றுக்கு அஜீரணம், இன்னொன்றுக்குப் பசி தீரவே இல்லை. கொஞ்ச நாளில் இரண்டுமே படுத்துவிடும். டைனமோ வரிசையாக சார்ஜ் செய்யும்போது நடப்பது இதுதான். நிறைந்தது கொதித்துத் தண்ணீர் வற்றிச் சாகும். குறைந்தது குறைந்தபடியே சாகும்.

ஓனர் உடனே கேட்டார்: 'இந்த ஃபேனை மாட்டுனது யாரு?'

எலக்ட்ரீஷியன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, 'நடுவுல இருந்து எடுத்ததுதானுங்க தப்பு. 24-ஐ 12 ஆக்கற கன்வர்ட்டர் ஒண்ணு போட்டு எடுத்தா, ரெண்டு பேட்டரிக்கும் சமமா இருக்கும். இல்லீன்னா 24 வோல்ட் ஃபேனே இருக்குது' என்றார்.

'அதைக் கேக்கலீங்க. மாட்டுனது யாருன்னு கேட்டேன்.'

'அதைக் கண்டுபுடிக்க எங்கிட்ட மீட்டர் இல்லீங்களே.'

அவருக்குத் தெரியாதா? நிச்சயம் தெரியும். ஒயர் ஜாயின்ட்டில் சுற்றியிருந்த மஞ்சள் டேப்பின் மிச்சச் சுருள் டேஷ்போர்டு மேலேயே கிடந்தது. என் கண்ணுக்கே பட்டது, அவருக்குப் படாதா?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் டிரைவர், 'நான்தாங்ணா மாட்டுனேன்' என்றார். 'போன மே மாசம் நாக்பூர் நடைக்கு, லோடு எறக்க ரெண்டு நாள் நிறுத்திட்டாங்க. கேபினுக்குள்ள படுக்க முடியலீங். ஃபேன் ஒண்ணு வாங்கித்தாங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். அடுத்த நடைக்குப் பாக்கலாம்னீங்க. மச்சான் வேன்ல கெடந்த ஃபேனுங்க இது.'

'பேட்டரி போகும்னு தெரியாதா உனக்கு?'

'ஃபேன் சுத்துச்சுங்ணா. அது போதும்னு இருந்துட்டேன்.'

இப்போது சொல்லுங்கள், தப்பு யார்மேல்?

ஃபேனை மாட்டிய டிரைவர்மேலா? இரண்டு தடவை கேட்டும் வாங்கித் தராத ஓனர்மேலா? அவர் கழுத்தில் துண்டு போட்டு டியூ கேட்கும் ஃபைனான்ஸ்காரர்மேலா? நாக்பூரின் மே மாதத்துக்கு லாரி கொண்டுபோகிறவனுக்கு ஒரு ஏ.சி. வைத்தால் என்ன என்று இத்தனை வருடம் யோசிக்காத நம் எல்லோர்மேலுமா? புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று விதி வந்தது. இந்த லாரி அதற்கெல்லாம் ரொம்ப மூத்தது.

காரணம் என்பது ஒரு ஒயர் மாதிரி. பின்னாலேயே போனால் போய்க்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஓர் இடத்தில் நாம்தான் நின்றாகவேண்டும். எலக்ட்ரீஷியன், தன் கையால் வெட்டிச் சேர்த்துச் சரிசெய்ய முடிகிற இடத்தில் நின்றார். ஓனர், காசைப் பிடிக்க முடிகிற ஆள் கிடைத்த இடத்தில் நின்றார். ஒயரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நின்றுவிட்டார் என்பதுதான் விசேஷம். பாட்டும் லைட்டும் என்று அவர் சொன்னதில் ஒன்றுகூட நிஜமில்லை. ஆள் மட்டும் சரி. குருட்டாம்போக்கில் எறிந்த கல்.

பள்ளிக்கூடத்தில் மருந்து அதிகாரம் படித்திருப்பீர்கள். வியாதி என்ன, அது எதனால், அதைத் தணிக்கும் வழி எது என்று வள்ளுவர் ஒரு வரிசை சொல்கிறார். அதில் 'யாரால்?' என்று ஒரு கேள்வி கிடையாது. இத்தனை வருடமாக அதை நான் கவனித்ததே இல்லை.

'அப்படியானால் யாரையுமே கேட்கக்கூடாதா? தப்புப் பண்ணினவன் ஜாலியாகப் போகலாமா?' என்று நீங்கள் சண்டைக்கு வருவது கேட்கிறது. நியாயம்தான். ஓனருக்கு நிஜமாகவே நஷ்டம். டிரைவர் மறைத்ததும் நிஜம். பெரிய ஆபீஸ்களில் இன்னொரு தந்திரம் உண்டு. 'யாரையும் குறை சொல்லவில்லை, நடைமுறையில்தான் கோளாறு' என்று ஃபைலை மூடிவிடுவார்கள். நடைமுறைக்குச் சம்பளம் பிடிக்க முடியாது, சஸ்பெண்ட் பண்ண முடியாது, அதற்கு வெட்கமும் கிடையாது. பாலம் இடிந்தாலும் அதே கதைதான். அதனால் 'யார்?' என்பது கேட்டே தீரவேண்டிய கேள்வி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

என் சந்தேகம் எல்லாம் எதை முன்னால் கேட்பது என்பதில்தான். ஓனர் முதல் நாளே சம்பளத்தில் பிடிப்பேன் என்று ஆரம்பித்தார். ஃபேன் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று எலக்ட்ரீஷியன்களுக்குக் கூலி, ஒரு ரெகுலேட்டர், இன்னொரு ஜோடி பேட்டரி. எலக்ட்ரீஷியன் ஒயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால்தான் அந்த மனிதருக்கு வாய் வந்தது என்று எனக்குத் தோன்றியது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். மஞ்சள் டேப்பை நாங்கள் பார்த்ததை அவர் பார்த்திருக்கலாம்.

சினிமாவாக இருந்தால் ஓனர் அவரைக் கட்டிப்பிடித்திருப்பார். நடந்தது என்னவோ, அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, 'பாதிக் காசு உன்னுது, பாதி என்னுது, நாலு மாசத்துல புடிச்சுக்கறேன்' என்று முடிந்தது. கன்வர்ட்டர் ஓனர் செலவு. ஃபேன் அதே இடத்தில். மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டதும் அது கடகடவென்று ஒரு சத்தத்தோடு சுற்றியது. ஓனரே கேபினுக்குள் ஏறி ஒரு நிமிடம் அதற்குக் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் பாடத்தில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. டிரையல் பேலன்ஸ் போட்டு இரண்டு பக்கமும் இடிக்கிறதா? வித்தியாசத்தைத் தற்காலிகமாக அந்தக் கணக்கில் எழுதி டேலி ஆக்கிக்கொள்ளலாம். பிழை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை மூடிவிடவேண்டும். இரண்டாவது பாதியை யார் செய்கிறார்கள்? டேலி ஆனதும் வீட்டுக்குப் போய்விடுவோம். என் பேரிலும் அப்படி மூடாத கணக்கு ஒன்று இருக்கிறது.

2006-ல் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. ஒரு பத்திரிகையில் நிருபர். பெயர் வேண்டாம். தீபாவளிச் சீட்டு நடத்திப் பணம் திருப்பித்தர முடியாமல் போன ஒரு மளிகைக் கடைக்காரரைப் பற்றி எழுதியிருந்தேன். அவர் தரவேண்டியது 1.8 லட்சம். அச்சில் 18 லட்சம் என்று வந்துவிட்டது. மனுஷன் சீட்டு நோட்டையே தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்து அழுதார். பதினெட்டு லட்சத்தைப் பதுக்கிவிட்டான் என்று கடைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டதாம். மறுவாரம் ஒரு மூலையில் திருத்தம் போட்டோம்.

'யாருய்யா பண்ணது?' என்று ஆசிரியர் கேட்டார். நான் ப்ரூஃப் ரீடரைக் காட்டினேன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். ஏற்கெனவே எக்ஸ்டென்ஷனில் இருந்தார். 'நீங்க எழுதினபடிதான் தம்பி விட்டேன்' என்று என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னார். புள்ளி வைத்துத்தான் எழுதினேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. எழுதிய தாளைத் தேடிப்பார்க்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மாதத்தோடு அவரை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

2019-ல் வீடு மாற்றும்போது பழைய ஃபைல் ஒன்றில் அந்தத் தாள் கிடைத்தது. கோடு போட்ட தாள். புள்ளி வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால், அந்தப் புள்ளி சரியாகத் தாளின் கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. நானே கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. சாதாரணமாக யார் படித்தாலும் 18-தான். டைப் அடித்தவர் 18 என்று அடித்தார். ஒப்பிட்டுப் பார்த்தவர் 18 என்றே படித்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

தாளைப் பத்திரமாகத் திரும்ப ஃபைலிலேயே வைத்துவிட்டேன்.

நாமக்கல்லிலிருந்து திரும்பி வந்ததும் பழைய நண்பர் ஒருவருக்கு போன் செய்து விசாரித்தேன். வில்லிவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். எண்பதை நெருங்குகிறது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஆனால், பேப்பர் மட்டும் விடாமல் படிக்கிறார் என்றார் நண்பர். முகவரியும் கொடுத்தார். என் வீட்டிலிருந்து ஒரே பஸ்தான். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டாப் வரைக்கும் போனேன். இரண்டு பஸ் வந்தது. இரண்டையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

தாள் இன்னும் பையில்தான் இருக்கிறது.